ஏழாம் மாடிக்கும் எட்டாம் மாடிக்கும் நடுவில்

மார்ச் 4

அத்தான்,

போனில் கூப்பிட்டால் ஒரு வார்த்தையும் பேசாமல் அக்கா கையில் கொடுத்துவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தை அப்படித் தள்ளிவிட முடியாது.

பத்து வருஷம் காத்திருந்து பிறந்த குழந்தை. அம்மா போய் ஆறு மாதம்கூட ஆகவில்லை. பெண் பிறந்தால் அம்மாவின் பெயர்தான் என்று அக்காவும் நானும் எப்போதோ பேசி வைத்திருந்தது உங்களுக்கும் தெரியும். லீவு போட்டு, ரயில் மாறி மாறி வந்து சேர்ந்தால், பிறப்புப் பதிவுப் படிவத்தில் நீங்கள் வேறு ஏதோ ஒரு பெயரை எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டீர்கள். அக்கா அப்போது மயக்கம் தெளியாமல் கிடந்தாள்.

"ஏன் அத்தான், அம்மா பேரு என்ன ஆச்சு?" என்று நல்லபடியாகத்தான் கேட்டேன். "வேண்டாம்" என்றீர்கள். அவ்வளவுதான். ஏன் வேண்டாம் என்று மூன்று தடவை கேட்டேன். தலைக்கு மேலே ஓடிய ஃபேனைக் கழற்றி ரிப்பேர் பண்ணப்போகிறவர் மாதிரி அதையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். நான் கத்தியதற்கு வெட்கப்படுகிறேன். ஆனால் வருத்தப்படவில்லை.

இன்றைக்கு நேற்று வந்த கோபம் இல்லை இது. உங்கள் கல்யாணத்தன்றே என் நண்பர்கள் "உங்க அத்தானுக்கு வாயில பூட்டா?" என்று கேட்டார்கள். ஊமைக்கோட்டான் என்று உங்களுக்குப் பெயர் வைத்தது நான்தான். பதினொரு வருஷத்தில் அக்காவை நீங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அம்மா நீங்களும் அக்காவும் வேலை பார்க்கும் அதே ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் படுத்திருந்தார். தினமும் மதியம் போய்ப் பக்கத்தில் உட்காருவீர்கள். நான் உள்ளே வந்தால் பேப்பரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்துபோய்விடுவீர்கள். சாகக் கிடக்கிறவரிடம் நாலு நல்ல வார்த்தை பேசினால் குறைந்தா போய்விடும்?

நான் மரச்சாமான் கடையில் கட்டிலும் பீரோவும் விற்கிறவன். வாயைத் திறந்தால்தான் எனக்குப் பிழைப்பு. எனக்கு உங்களைப் புரியவில்லை. புரிந்துகொள்ள விருப்பமும் போய்விட்டது. அக்கா உங்களுக்குப் பரிந்து பேசியதால் அவளோடும் பேச்சு நின்றுவிட்டது. அதையும் உங்கள் கணக்கில்தான் எழுதியிருக்கிறேன்.

தம்பி


மார்ச் 19

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. குழந்தையும் உன் அக்காவும் நலம். குழந்தை இப்போது மூன்றே முக்கால் கிலோ.

பெயர் விஷயத்தில் எனக்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்லும் நிலையில் நான் இல்லை. அம்மாவின் மேல் எனக்கு மரியாதைக் குறைவு எதுவும் கிடையாது. படிவத்தில் முதலில் அவர் பெயரைத்தான் எழுதினேன். எழுதுவதில் எனக்குச் சிரமம் எதுவும் இல்லை. பிறகு அடித்துவிட்டு, இன்னொரு படிவம் கேட்டு வாங்கினேன்.

உன் கோபம் என்னோடு இருக்கட்டும். அக்காவோடு பேசாமல் இருக்காதே. அவள் போனை எடுத்துப் பார்த்துப் பார்த்துக் கீழே வைக்கிறாள்.

அத்தான்


ஏப்ரல் 2

அத்தான்,

"காரணம் உண்டு, சொல்ல இயலாது" என்பது அரசாங்க ஆபீசிலிருந்து வரும் பதில். ஒரு முத்திரையும் குத்தி அனுப்பியிருக்கலாம். எழுதுவதில் சிரமம் இல்லை என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். என்ன, பரிகாசமா?

அம்மாவின் பெயரை எழுதிவிட்டு அடித்தேன் என்றீர்களே, அது தெரியாமலே இருந்திருக்கலாம். இனி நான் எழுதப்போவதில்லை.


ஜூலை 11

அத்தான்,

எழுதப்போவதில்லை என்று சொன்னவன் எழுதுகிறேன். இரண்டு தாளைக் கிழித்தாகிவிட்டது. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. எனக்கு இப்படி ஆவது இதுதான் முதல் தடவை.

நேற்றுச் சாயங்காலம் அக்கா கூப்பிட்டாள். நான்கு மாதமாகப் பேசாதவள். எடுத்ததும் அழுகிறாளா சிரிக்கிறாளா என்றே தெரியவில்லை. "லிப்ட்ல மாட்டிக்கிட்டேன்டா" என்றாள். "அதுக்கு ஏன் அழற?" என்றேன். பிறகு ஒரு மணி நேரம் நான் வாயே திறக்கவில்லை.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். தவறு இருந்தால் திருத்துங்கள். லீவு முடிந்து வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். சாப்பாட்டு நேரத்துக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்திலிருந்து கீழே இறங்க லிப்டில் ஏறியிருக்கிறாள். உள்ளே எட்டுப் பேர். எட்டாம் மாடியைத் தாண்டியதும் லிப்ட் ஒரு சாண் நழுவி, ஏதோ கவ்விப் பிடித்ததுபோல் நின்றுவிட்டது. விளக்கு போயிற்று. உள்ளே இருந்த பேசும் கருவியும் செத்துவிட்டது. நோயாளி ஒருவரைப் பார்க்க வந்த பெரிய மீசைக்காரர், முதலில் எல்லோருக்கும் தைரியம் சொன்னவர், பத்தே நிமிடத்தில் மூச்சு முட்டுகிறது என்று அலறி, கதவை இரண்டு கையாலும் பிளக்க ஆரம்பித்துவிட்டார்.

அப்போது கூரைக்கு மேலே யாரோ நடக்கும் சத்தம். காற்று வருவதற்கான கம்பிவலை வழியாக ஒரு குரல். "க... க... கத..." அதற்கு மேல் வரவில்லை. மறுபடியும் அதே. மீசைக்காரர் "பேசத் தெரியாதவனைப் போயா அனுப்புவாங்க?" என்றார். பயத்துக்கு நடுவிலும் இரண்டு பேர் சிரித்தார்கள். அக்கா சொன்னாள், "நானும் சிரிச்சேன்டா." அதைச் சொன்ன இடத்தில்தான் அவளால் தொடர முடியவில்லை.

அந்தக் குரல் நிற்கவில்லை. "எனக்குத் தி... திக்கும். நான் சொல்லி முடிக்க நே... நேரமாகும். உங்களுக்கும் இப்ப எங்கயும் போக வேண்டியதில்ல. எனக்கும் இல்ல. மெதுவா கேளுங்க." கதவைத் திறந்தால் லிப்டுக்கும் ஏழாம் மாடித் தரைக்கும் நடுவில் ஆள் நுழையும் இடைவெளி இருக்கும், அதில் இறங்கப் பார்த்தால் கால் தரையில் பாவாது, அடிமட்டக் குழிக்குத்தான் போகும் என்று அந்தக் குரல் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னதாம். பிறகு ஒவ்வொருவர் பெயரையும் கேட்டதாம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பெயர்களை வரிசையாகக் கூப்பிட்டதாம். ஒரு பெயருக்கு அரை நிமிடம்கூட ஆயிற்றாம். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெயர் வந்து சேரக் காத்திருப்பார்களாம். மீசைக்காரர் தன் முறைக்காகக் கதவிலிருந்து கையை எடுத்துவிட்டு நின்றாராம். வார்டு கூட்டும் அம்மா ஒருவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாராம்.

அக்காவிடம் மட்டும் அந்தக் குரல் பெயர் கேட்கவில்லை. டார்ச் வெளிச்சத்தில் கம்பிவலை மேல் ஒரு கை தெரிந்திருக்கிறது. இடது கைச் சுண்டுவிரல் வளைந்திருந்தது. அது உங்கள் கை. வரிசையின் கடைசியில், யாரும் சொல்லிக்கொடுக்காமல், அவள் பெயர் வந்தது. எவ்வளவு நேரமானது என்று கேட்டேன். "தெரியலடா, நான் கண்ண மூடிக்கிட்டேன்" என்றாள்.

ஒரு மணி இருபது நிமிடம் கழித்துத்தான் எல்லோரும் வெளியே வந்தார்கள். அத்தான், இத்தனை வருஷமாக எங்கள் வீட்டுக்குள் நடமாடியது யார்?

தம்பி


ஜூலை 29

தம்பிக்கு,

உன் அக்கா சொன்னதில் தவறு இல்லை. ஆனால் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. அவளுக்கே தெரியாதது. அதைக் கடைசியில் எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுக்கும்போது "உள்ளேன் ஐயா" என்று சொல்ல எனக்கு வரவில்லை. என் பெயர் வருவதற்குள் வியர்த்துவிடும். வகுப்பே என் வாயைத் திரும்பிப் பார்க்கும். ஒரு வருஷம் முழுக்க, வந்தும் வராதவனாகவே பதிவில் இருந்தேன். அப்போதுதான் மறைக்கக் கற்றுக்கொண்டேன். 'தண்ணீர்' வராது என்று தெரிந்தால் 'குடிக்க ஏதாவது' என்பேன். இறங்க வேண்டிய பஸ் நிறுத்தத்தின் பெயர் வராதென்றால், சொல்ல வருகிற நிறுத்தத்துக்கு டிக்கெட் வாங்கி, மிச்ச தூரத்தை நடந்துவிடுவேன். ஒரு சொல் வாயருகே வருமுன்பே அது வழுக்குமா மாட்டுமா என்று எனக்குத் தெரிந்துவிடும். மாட்டும் என்றால் வேறு சொல். வேறு சொல் இல்லையென்றால் மௌனம். உலகம் அதைத் திமிர் என்றது. திக்குவாயன் என்பதைவிடத் திமிர் பிடித்தவன் என்பது எனக்குச் சௌகரியமாக இருந்தது. லிப்ட் வேலைக்கு வந்ததும் அதனால்தான். மோட்டார் யாரிடமும் பெயர் கேட்காது.

பெயருக்கு மட்டும் மாற்றுச் சொல் கிடையாது தம்பி. உன் அம்மாவின் பெயரும் அக்காவின் பெயரும் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன. உதடு இரண்டும் ஒட்ட வேண்டிய எழுத்து. எனக்கு ஒட்டினால் பிரியாது. படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் யோசித்தது இதுதான்: நாளைக்குக் குழந்தை ரோட்டில் ஓடுவாள். ஒரு வண்டி வரும். நான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அந்த நொடியில் என் உதடு ஒட்டிக்கொண்டால்? அதற்கு மேல் என்னால் யோசிக்க முடியவில்லை. எனக்கு எளிதில் வரும் ஒரு பெயரை எழுதினேன்.

இதை உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவும் வாய் வேண்டுமே.

உன் அம்மாவுக்கு மட்டும் தெரியும். வார்டில் முதல் நாள் அவர் ஏதோ கேட்டார், நான் பதில் சொல்லப்போய் மாட்டிக்கொண்டேன். தப்பிக்க எழுந்தேன். கையைப் பிடித்து உட்கார வைத்தார். "மெதுவாச் சொல்லுப்பா. எனக்கு இப்ப எங்கயும் போக வேண்டியதில்ல" என்றார். மறுநாள் பேப்பரைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். இரண்டு மாதமும் தினமும் மதியம் அவருக்கு உரக்கப் படித்தேன். ஒரு பத்திக்குக் கால் மணி நேரம் ஆகும். ஒரு நாள்கூட ஒரு சொல்லையும் அவர் எடுத்துக்கொடுக்கவில்லை. விளையாட்டுச் செய்தியில் தோற்ற அணிக்காக வருத்தப்படுவார். நீ வந்தால் பேப்பரை மடித்துவிடுவேன். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று நான் கேட்டிருந்தேன். அவர் சொல்லாமலே போய்விட்டார். லிப்டின் மேல் நின்று நான் சொன்ன அந்த வார்த்தை என்னுடையது இல்லை. அவருடையது.

இப்போது விட்டுப்போன விஷயம். அந்த நேரத்தில் உன் அக்கா சாப்பிட இறங்குவாள் என்று எனக்குத் தெரியும். கூரையில் கால் வைத்ததும் அவள் இருமியது கேட்டது. உடனே நான் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. மேலே எந்திர அறையில் இருந்த என் கூட்டாளியால் இறங்கிவர முடியாது, அவர்தான் கையால் சக்கரத்தைச் சுற்றி லிப்டைத் தூக்க வேண்டும். காவலாளி வந்து என் சார்பில் கத்தட்டும் என்று காத்திருந்தேன். நான்கு நிமிடம். அவள் காதில் என் குரல் அப்படி விழுந்துவிடக் கூடாது என்பதற்காக, நான்கு நிமிடம். மீசைக்காரர் கதவைப் பிளக்கத் தொடங்கியது அந்த நான்கு நிமிடத்தில்தான். கதவு ஒரு விரல்கடை திறந்த வெளிச்சத்தைக் கூரையிலிருந்து பார்த்தேன். அதன் பிறகுதான் வாயைத் திறந்தேன்.

எல்லோரும் அந்த ஒரு மணி இருபது நிமிடத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். நான் நினைப்பது அந்த நான்கைப் பற்றி.

அத்தான்


ஆகஸ்ட் 15

அத்தான்,

உங்கள் கடிதத்தை வேலைக்குப் போகும் பஸ்ஸில் படித்தேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். திரும்பி நடந்து வந்தேன். நீங்கள் எத்தனை நாள் இப்படி நடந்திருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

நான்கு நிமிடத்தைப் பற்றி நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். முப்பது வருஷமாகப் பூட்டி வைத்ததை நான்கு நிமிடத்தில் உடைத்த ஒருவரை நான் இதற்கு முன் பார்த்ததில்லை. என்னால் இவ்வளவுதான் சொல்ல முடிகிறது. அம்மா அந்தக் கட்டிலில் கிடந்துகொண்டு தோற்ற அணிக்கு வருத்தப்பட்டதை நினைத்துச் சிரித்தேன், பக்கத்து சீட்டுக்காரர் என்னைப் பார்த்தார்.

நீங்கள் உண்மை சொன்னதால் நானும் ஒன்று சொல்ல வேண்டும். போன வருஷம் எங்கள் கடைக்கு ஆள் எடுத்தபோது நேர்முகத்துக்கு என்னையும் உட்கார வைத்தார்கள். ஒருவர் வந்தார். மெலிந்த ஆள், சட்டை நன்றாகத் தேய்த்திருந்தது. "பேரு?" என்றேன். முதல் எழுத்தில் நின்றுவிட்டார். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். நான் விண்ணப்பத்தைப் புரட்டி அவர் பெயரை நானே படித்துவிட்டு, "பரவால்ல சார், தகவல் அனுப்புறோம்" என்றேன். அவர் கதவைத் தாண்டியதும், "இவரு விலை சொல்றதுக்குள்ள கட்டில் பழசாயிடும்" என்றேன். மேஜையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அவர் முதுகு ஒரு கணம் நின்று, பிறகு போனது. கடையில் என்னைவிடக் கலகலப்பானவன் கிடையாது, எல்லோருக்கும் என்னைப் பிடிக்கும். அது இப்படித்தான்.

தம்பி


செப்டம்பர் 6

தம்பிக்கு,

அந்த மனிதரைப் பற்றி நான் சொல்ல ஒன்றும் இல்லை. அவர் இடத்திலும் நின்றிருக்கிறேன், அதனால் உனக்கு ஆறுதல் சொல்லப்போவதில்லை.

இங்கே நாங்கள் ஒரு வாரம் பேசிக்கொள்ளவில்லை. உன் அக்காவுக்குக் கோபம். திக்குவதற்காக இல்லை. "பதினொரு வருஷம் பக்கத்துல படுத்தும் என்னை நம்பல இல்ல?" என்றாள். இப்போது சரியாகிவிட்டது. நான் பேசும்போது அவள் கறிகாய் நறுக்குவதை நிறுத்திவிடுகிறாள். அப்படி நிறுத்த வேண்டாம், நறுக்கிக்கொண்டே கேள் என்று சொல்லியிருக்கிறேன்.

குழந்தைக்கு அம்மாவின் பெயரையே மாற்றி வைத்துவிடலாமா என்று கேட்டாள். "வேண்டாம்" என்றேன். இந்த முறை காரணமும் சொன்னேன். படிவத்தில் எழுதிய பெயரை நான் சொன்னால் குழந்தை இப்போது தலையைத் திருப்பிப் பார்க்கிறாள். அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டாலும் சத்தம் வந்த பக்கம் தேடுகிறாள். நான் வாயால் கூப்பிட்டு ஒரு ஆள் திரும்புவது என் வாழ்க்கையில் புதிது. உனக்குப் புரியும் என்று நினைக்கிறேன்.

அத்தான்


செப்டம்பர் 28

அத்தான்,

புரிகிறது. பெயர் அப்படியே இருக்கட்டும். அம்மாவே இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பார்.

நேர்முகத்துக்கு வந்த அந்த மனிதரைத் தேடிப் போனேன். பழைய விண்ணப்பத்தில் இருந்த முகவரியில் அவர் இல்லை. வீட்டுக்காரர், "காய்கறி மொத்தச் சந்தைக்குப் போங்க, காலைல ஏலத்துல இருப்பாரு" என்றார். மூட்டை தூக்குகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பாருங்கள், இத்தனைக்குப் பிறகும் என் புத்தி அங்கேதான் போகிறது.

சந்தைக்குள் கால் வைக்க இடமில்லை. தக்காளிப் பெட்டிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. நடுவில் ஒரு பெட்டி மேல் ஏறி நின்று ஒருவர் ஏலம் விட்டுக்கொண்டிருந்தார். அந்தக் குரலை எப்படி எழுதுவது? ஒரு சொல்லின் வாலைப் பிடித்துக்கொண்டு அடுத்த சொல் வந்தது. நின்று மூச்சு வாங்கவில்லை. பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை, ஒரு தாளக்கட்டில் கொட்டிக்கொண்டே இருந்தது. நூறு பேர் அவர் விரலையும் வாயையும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் வாய்ச்சாலகத்தை எல்லாம் மூட்டை கட்டி அவர் காலடியில் வைத்துவிடலாம். மெலிந்த ஆள், நன்றாகத் தேய்த்த சட்டை. நான் ஒரு தூணோடு ஒட்டிக்கொண்டேன். அரை மணி நேரம் கேட்டேன்.

ஏலம் முடிந்து இறங்கியதும் போய் நின்றேன். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். நான் தயார்செய்து வைத்திருந்தது எதுவும் வரவில்லை. "அன்னைக்கு நான் சொன்னது உங்க காதுல விழுந்துச்சு, இல்லையா?" என்றேன். தலையை அசைத்தார். "தப்பு செஞ்சேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்" என்றேன்.

அவர் பதில் சொல்ல ஆரம்பித்தார். ஏலக்குரல் போய்விட்டது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். "மே... மே... மேல நின்னு கூவும்போது திக்கு வ... வராது சார். கீ... கீழ இறங்கினா வந்துடும்." இதைச் சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நான் சிரிக்கலாமா என்று தெரியாமல் நின்றேன். "சி... சிரிங்க சார், இது நா... நானே சொன்னது" என்றார்.

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார், குடித்தோம். கிளம்பும்போது, "உங்க பேரைச் சொல்லுங்க" என்றேன். அவருக்கு ஆச்சரியம். "உங்களுக்குத் தெ... தெரியுமே" என்றார். "நீங்க சொல்லி நான் கேக்கலயே" என்றேன்.

டீக்கிளாஸைக் கீழே வைத்தார். முதல் எழுத்து மாட்டிக்கொண்டது. பின்னால் பெட்டி இறக்குகிறவர்கள் வழி விடச் சொல்லிக் கத்தினார்கள். ஒருவர் என் தோளை இடித்துக்கொண்டு போனார். நான் நகரவில்லை. அவர் பெயர் கொஞ்சம் கொஞ்சமாக வந்து, முழுசாக என் முன்னால் நின்றது. எவ்வளவு நல்ல பெயர் அத்தான்.

தம்பி